காட்சிக்கூடம் கைக்கு வந்துவிட்டது. பெட்டகத்தில் இருப்பது எங்கே?



ஹிஜ்ரி 410ஆம் ஆண்டு, ரமழான் மாதம். கி.பி. கணக்கில் 1020. இன்றைய துனீசியாவில் இருக்கும் கைரவான் நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு ஒரு குர்ஆன் பிரதி வக்ஃபு செய்யப்படுகிறது. கொடுத்தவர் அரசரல்லர், அமைச்சருமல்லர். அரச குடும்பத்துப் பிள்ளையை வளர்த்தெடுத்த செவிலித்தாய் ஒருவர். அவர் பெயர் ஃபாத்திமா. 'அல்ஹாழினா' என்று, அதாவது வளர்த்தெடுத்தவர் என்று, அவரைக் குறிப்பிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தே ஐந்து வரிகள். தோல் ஏட்டில், கூர்வாள் நிமிர்ந்து நிற்பது போன்ற எழுத்துக்கள். எழுதி, உயிர்க்குறிகள் இட்டு, பொன் தீட்டி, கட்டிக் கொடுத்தவர் அலீ இப்னு அஹ்மத் அல்வர்ராக் என்பவர். அந்த வேலை துர்ரா என்ற பெண் எழுத்தரின் கைப்பொறுப்பில் நடந்தது என்றும் அதே பிரதியின் குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் செலவு செய்ய, இன்னொரு பெண் பொறுப்பேற்று நடத்த உருவான முஸ்ஹஃப் அது! 'செவிலித்தாயின் குர்ஆன்' என்றே இன்று உலகம் அதனை அழைக்கிறது. அதன் ஏடுகள் பல கைரவானுக்கு அருகே ரக்காதா என்ற இடத்திலுள்ள இஸ்லாமியக் கலை நூதனசாலையில் இருக்கின்றன. சில ஏடுகள் கடல் கடந்து நியூயோர்க் நகரின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்குப் போய்விட்டன.

மூதூரில் இருக்கும் ஒரு தாய் இவற்றைப் பார்ப்பதென்றால் எப்படிப் பார்ப்பது? கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வருவதே நமக்கு ஒரு பகலும் இரவும் பிடிக்கின்ற காரியம். துனீசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நம்மில் யார் போகப் போகிறோம்? போக வேண்டியதில்லை. உங்கள் மகன் பாடம் படிக்கவும், மகள் வெளிநாட்டிலுள்ள தந்தையோடு பேசவும் வைத்திருக்கும் அதே கையடக்கத் தொலைபேசியில் அந்த ஏடுகள் வருகின்றன. பெரிய நூதனசாலைகள் பலவும் தங்கள் பொருள்களைப் படமெடுத்து, விளக்கம் எழுதி, இணையத்தில் காட்சிக்கு வைத்துவிட்டன. மெய்நிகர் காட்சிக்கூடம் என்று இதற்கு இன்று பெயர். பொருள் அங்கேயே இருக்கும். காட்சி மட்டும் நம் கைக்கு வரும்.

தொலைபேசி என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகும் வழி என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குள் இப்படியும் ஒரு வாசல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் யார்?

கட்டடமே இல்லாத நூதனசாலை

1995ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில், வியன்னா நகரைச் சேர்ந்த ஏவா ஷூபர்ட் என்ற பெண்மணியின் முயற்சியால் 'எல்லைகளற்ற நூதனசாலை' என்ற அமைப்பு தொடங்கியது. அதன் கிளையாக 2005இல் 'இஸ்லாமியக் கலையை அறிவோம்' என்ற இணைய நூதனசாலை வெளிவந்தது. இதற்குக் கட்டடம் கிடையாது. சிரியா, ஜோர்தான், பலஸ்தீனம், எகிப்து, துனீசியா, அல்ஜீரியா, மொரோக்கோ, துருக்கி, ஸ்பெயின், போர்த்துக்கல் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளும், பிரித்தானியா, ஜேர்மனி, சுவீடன் போன்ற நாடுகளும் தத்தம் நூதனசாலைப் பொருள்களை ஒரே திரையில் கொண்டுவந்து சேர்த்தன. மேலே சொன்ன ரக்காதா நூதனசாலையும் அதில் ஒன்று.

இதிலே எனக்குப் பிடித்த விஷயம், பொருள்களைப் பற்றி எழுதியவர்கள் அந்தந்த நாட்டு அறிஞர்களே என்பது. டமஸ்கஸ் பள்ளிவாசலைப் பற்றி சிரியாக்காரர் எழுதுகிறார். எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததைத்தானே இவ்வளவு காலமும் நாம் படித்து வந்தோம்! விளக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமின்றி அரபியிலும் உண்டு. மத்ரஸாவில் ஓதிய பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஓதிய அரபு இப்படியும் பயன்படட்டும். தமிழில் இல்லை என்பது குறைதான். எழுத்தணி, கேத்திரகணித அலங்காரம், நீர், ஹஜ் யாத்திரை, பெண்கள் என்று தலைப்புத் தலைப்பாகக் கண்காட்சிகளும் அதில் அமைத்திருக்கிறார்கள்.

மற்ற நூதனசாலைகள் தனித்தனியே இதைச் செய்தன. கூகுள் நிறுவனம் 2011இல் 17 நூதனசாலைகளோடு ஒரு கலைத்தளத்தைத் தொடங்கியது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் 2017 பெப்ரவரியில் 375,000 படங்களை, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கே இஸ்ஃபஹான் மத்ரஸா ஒன்றின் மிஹ்ராப் இருக்கிறது. ஹிஜ்ரி 755ஆம் ஆண்டளவில் செய்தது. மூன்று மீற்றருக்கும் அதிகமான உயரம். நீல ஓட்டுத் துண்டுகளை வெட்டி வெட்டிப் பதித்து எழுத்தாக்கியிருக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்து உலகமெல்லாம் நூதனசாலைக் கதவுகள் மூடப்பட்டபோது, அதுவரை இதை ஒரு விளையாட்டு என்று எண்ணியவர்களும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் இழைக்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய விரிப்பு

லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் அர்தபீல் விரிப்பு என்று ஒன்று உண்டு. ஈரானில், ஹிஜ்ரி 946இல் நெய்து முடித்தது. பத்து மீற்றருக்கு மேல் நீளம், ஐந்து மீற்றருக்கு மேல் அகலம். நமது ஊர்ப் பள்ளிகளில் சிலவற்றின் உட்பள்ளியையே மூடிவிடும். பத்துச் சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் 5,300 முடிச்சுகள். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவு இடத்துக்குள்தான் அத்தனை முடிச்சும்! மாதுளைத் தோல், அவுரி போன்ற இயற்கைச் சாயங்கள் கொண்டு பத்து நிறங்கள் தோய்த்திருக்கிறார்கள். 1893இல் அந்த நூதனசாலை இதை 2,000 பவுண் கொடுத்து வாங்கியது.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். லண்டனுக்கு நேரில் போனாலும் இதை நினைத்த நேரமெல்லாம் நன்றாகப் பார்க்க முடியாது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டுமே அதற்கு விளக்குப் போடுகிறார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். இணையத்தில் பார்ப்பவருக்கோ விளக்கு அணைவதில்லை. விரலால் பெருப்பித்துக்கொண்டே போகலாம்.

இன்னுமொன்று. இந்த விரிப்புக்கு ஒரு ஜோடி இருந்தது. பழுதான ஒன்றைச் சீர்செய்ய மற்றதிலிருந்து துண்டு வெட்டி எடுத்தார்கள். வெட்டுண்ட ஜோடி, கரையெல்லாம் இழந்து, இப்போது அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நூதனசாலையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒருவர் பார்ப்பதென்றால் சமுத்திரம் தாண்ட வேண்டும். உங்கள் மகள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அசல் கரை, எது ஒட்டுப்போட்டது என்று குசினியில் இருந்தபடியே உங்களுக்குக் காட்டுவாள். பன்பாய் இழைத்துப் பழகிய கைகள் அல்லவா உங்களுடையவை? கரை எப்படித் திரும்புகிறது, மூலையில் பூ எப்படி முறியாமல் வளைகிறது என்று ஒரு பேராசிரியரை விட உங்களுக்கு விளங்கும்.

பிரிந்த ஏடுகள் சேர்ந்த இடம்

இதே போலத்தான் பர்மிங்ஹாம் ஏடுகள். 2015 ஜூலையில் பத்திரிகைகளில் எல்லாம் அந்தச் செய்தி வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்த இரண்டு தோல் ஏடுகளைக் கரிமக் கதிர்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று முடிவு வந்தது. அதாவது றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் காலத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்த தோல். அவற்றில் ஸூறத்துல் கஹ்ஃப், மர்யம், தாஹா ஆகியவற்றின் பகுதிகள் எழுதப்பட்டுள்ளன. இவற்றோடு ஒரே பிரதியைச் சேர்ந்த பதினாறு ஏடுகள் பரிஸ் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன என்றும், அவை முன்பு எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரழி) பள்ளிவாசலில் இருந்தவை என்றும் ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். ஓரிடம் இங்கிலாந்து, ஓரிடம் பிரான்ஸ். இரண்டு நூலகங்களும் படங்களை இணையத்தில் வைத்திருப்பதால், பிரிந்த ஏடுகள் நம் திரையில் மறுபடியும் ஒன்று சேர்கின்றன.

டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இப்னுல் பவ்வாப் எழுதிய முஸ்ஹஃப் இருக்கிறது. பக்தாதில் ஹிஜ்ரி 391இல் எழுதியது. எழுத்தணி பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேறெதையும் காட்டாவிட்டாலும் அதைக் காட்டுங்கள். அந்த மெல்லிய கோட்டின் ஓட்டத்தைப் பார்த்த பிறகு அச்சு எழுத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

தொலைபேசிக்கு டேட்டா போட்டே கை சலித்துப் போகிறது என்று சொல்வீர்கள். பெரிய படங்கள்தாம். ஆனால் அவற்றைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த இடத்தைப் பெருப்பிக்கிறீர்களோ அந்தக் கட்டம் மட்டும் வந்து சேரும். பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை.

உருவப்படங்கள் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தளங்களில் மனித உருவங்கள் தீட்டிய பாரசீக ஓவியங்களும் உண்டு. அவை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துகளை நீங்கள் அறிவீர்கள். எழுத்தும் ஓடும் விளக்கும் விரிப்புமே ஓராயுளுக்குப் போதுமான அளவு இருக்கின்றன. இனி, இந்தக் காலத்தில் கணினியிலேயே வரைந்த படங்களைக் கோடிக்கணக்கில் விற்கும் ஒரு சந்தையும் எழுந்தது. 2021 மார்ச்சில் அப்படி ஒரு படம் 6 கோடியே 90 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பார்ப்பதும், வாங்காத நீங்கள் பார்ப்பதும் அதே படத்தைத்தான்! வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு பதிவு மட்டும். அந்தச் சந்தை அடுத்த ஆண்டே படுத்துவிட்டது. நம் வீட்டு இளைஞர் எவராவது அதில் பணம் போடப் போகிறேன் என்றால், எதை வாங்குகிறாய் என்று முதலில் கேளுங்கள்.

உடைந்த விளக்குகள்

காட்சிக்கு வைப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. 2014 ஜனவரி 24, ஒரு வெள்ளிக்கிழமை. கெய்ரோவில் பொலிஸ் தலைமையகத்துக்கு முன்னால் குண்டு வெடித்தது. எதிரே இருந்தது இஸ்லாமியக் கலை நூதனசாலை. நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேதமடைந்தன. மம்லூக் சுல்தான்களின் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகள், கண்ணாடியில் ஆயத்துந்நூர் எழுதியவை, அங்கே உண்டு. அவற்றில் சில நொறுங்கின. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவதற்கு, முன்பு எடுத்த படங்களும் குறிப்புகளும் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? 2017 ஜனவரியில் அந்த நூதனசாலை மீண்டும் திறந்தது. 2015 பெப்ரவரியில், தீனின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் மோசூல் நூதனசாலையை அடித்து நொறுக்கிய பின்னர், இளம் ஆய்வாளர் இருவர் உலக மக்களிடம் கேட்டது ஒன்றேதான்: அங்கே போனபோது நீங்கள் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள்! சாதாரண மக்கள் எடுத்த அந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உடைந்தவற்றின் உருவத்தைக் கணினியில் திரும்ப எழுப்பினார்கள்.

இணையத்தில் வைத்துவிட்டால் அழியாது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023 ஒக்டோபரில் லண்டனின் பிரித்தானிய நூலகத்துக் கணினிகளைக் களவுக் கும்பலொன்று முடக்கியது. உலகெங்குமிருந்து பார்த்துக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதிகளின் படங்கள் மாதக் கணக்கில் இல்லாமற் போயின. ஏடுகள் அலுமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன, காட்சிதான் போய்விட்டது. ஆகவே படம் இருக்கிறதே என்று பொருளையும், பொருள் இருக்கிறதே என்று படத்தையும் கைவிட முடியாது.

கொட்டியாரத்துப் பொருள்கள் எந்தத் திரையில்?

இவ்வளவையும் சொன்னபின் நான் கேட்க விரும்புவது இதைத்தான். கைரவான் இருக்கிறது, இஸ்ஃபஹான் இருக்கிறது, பக்தாத் இருக்கிறது. நம்முடையது எங்கே?

மூதூரைப் பற்றி உலக நூலகங்களில் தேடினால் வருவது றொபர்ட் நொக்ஸ். 1660இல் நமது கொட்டியாரக் குடாவில் 'ஆன்' என்ற கப்பலோடு வந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருப்பில் கழித்துத் தப்பிப் போனவர். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் படங்களை இன்று எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். அவர் எழுதினார், அச்சிட்டார்கள், காத்தார்கள், காட்சிக்கு வைத்தார்கள். அவரைக் கரையில் கண்ட நம் முன்னோர் என்ன பாயில் படுத்தார்கள், எந்த வட்டாவில் வெற்றிலை வைத்தார்கள், எந்தக் கிதாபை ஓதினார்கள் என்பதற்குப் படம் இல்லை.

நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பதல்ல. மூத்தம்மாமார் இழைத்த பன்பாய்கள் இருந்தன. பன்னீர்ச் செம்பு இருந்தது, படிக்கம் இருந்தது, காவின் எழுதிய கடதாசிகள் இருந்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் வீட்டுக்கு வீடு இருந்தன. நம் பெண்கள் மார்க்கச் சட்டம் படித்ததும் மாலைகள் பாடியதும் அந்த எழுத்தில்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஓகஸ்டில் சண்டை வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே கந்தளாய்க்கு நடந்தது. எந்தத் தாய் பெட்டகத்தைத் தூக்கினாள்? தூக்கவும் முடியாது. திரும்பி வந்தபோது இருந்தவை போக மீதிதான் இன்று இருப்பவை.

அந்த மீதியும் எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறேன். என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தி மட்டை இல்லாத ஒரு கையெழுத்துக் கிதாபைக் கொண்டுவந்து காட்டினாள். அரபுத்தமிழ். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. "எங்கிருந்தம்மா இது?" என்று கேட்டேன். "உம்மம்மாட பெட்டிக்குள்ள கிடந்த ஹஸரத். உம்மா, பழைய தாள், மண்ணுக்குள்ள வைக்கப்போறன் எண்டு எடுத்து வச்சிருந்தா" என்றாள்.

அந்தத் தாய் செய்ய நினைத்தது தப்பான காரியமல்ல. சிதைந்த முஸ்ஹஃபையும் அல்லாஹ்வின் திருநாமம் எழுதிய தாள்களையும் கால்படாத இடத்தில் அடக்குவது நாம் பேணிவரும் ஒழுக்கம். ஆனால் அடக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். யெமன் நாட்டின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் 1972இல் திருத்த வேலை நடந்தபோது கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில் ஆயிரக்கணக்கான பழைய குர்ஆன் ஏட்டுத் துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்து மக்கள் மண்ணில் புதைக்காமல் உயரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். மிகப் பழைய ஏடுகள் பல அப்படித்தான் தப்பிப் பிழைத்தன. எனவே நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது: வுளூச் செய்துகொண்டு, ஏட்டை ஒவ்வொன்றாக விரித்து, முதலில் படமெடுங்கள். ஓரத்தில் யாராவது பெயரோ தேதியோ எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் எடுங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தால் விளங்கிய ஒருவரிடம் காட்டாமல் எதையும் அடக்காதீர்கள்.

இலங்கையில் தமிழில் இந்த வேலைக்கு வழி இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இந்நாட்டுத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் நினைவு மலர்களையும் படமாக்கிச் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முஸ்லிம்கள் எழுதியவையும் அதில் உண்டு. புகைப்படங்களுக்கும் மற்ற ஆவணங்களுக்கும் ஆவணகம் என்ற தளத்தை அதே நிறுவனத்தார் நடத்துகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. விக்கிமீடியாப் பொதுவகத்திலும் எவரும் தாம் எடுத்த படத்தை உலகுக்குப் பொதுவாகக் கொடுக்கலாம். பாடசாலை, மத்ரஸா மாணவிகள் சேர்ந்தால், படங்களைச் சுவரில் மாட்டியது போல அடுக்கி, பார்ப்பவர் அறை அறையாக நடந்து போவது போன்ற காட்சிக்கூடத்தையே இலவசமாக அமைக்கும் வசதிகளும் இணையத்தில் இருக்கின்றன. அதை அவர்கள் நம்மை விடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

அறையை மாற்ற வேண்டாம், ஆளைக் கூப்பிட வேண்டாம். காலை நேரத்தில் யன்னலோரம், வெயில் நேரே விழாத இடத்தில், வெள்ளைத் துணி விரித்துப் பொருளை வையுங்கள். தொலைபேசியின் மின்வெளிச்சத்தை நிறுத்திவிடுங்கள். பித்தளையும் பளபளத் தாளும் வெள்ளையாகிவிடும். பக்கத்தில் பிள்ளையின் அடிமட்டத்தை வையுங்கள். அப்போதுதான் பார்ப்பவருக்கு அளவு விளங்கும். முன்பக்கம், பின்பக்கம், பிறகு கிட்டக் கொண்டுபோய் வேலைப்பாடு. பாய் என்றால் மூலையும் கரையும் முடிச்சும் தெரிய வேண்டும். கிழிந்த இடத்தை மறைக்காதீர்கள். படங்களை ஒரு தொலைபேசியில் மட்டும் வைக்காமல் வேறு ஊரிலிருக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. வீட்டின் உட்புறமோ பெண்களின் முகமோ படத்தில் விழாமல் பாருங்கள். நகை, வெள்ளிச் சாமான் எந்த வீட்டில் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பெயர் போதும். பலருக்கு உரிமையுள்ள பொருளென்றால் எல்லோரிடமும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

படத்தை விட முக்கியமானது அதன் கீழே எழுதும் குறிப்பு. எந்த நூதனசாலைத் திரையைப் பார்த்தாலும் படத்துக்குக் கீழே சில வரிகள் இருக்கும்: பொருள் என்ன, எங்கே செய்தது, எப்போது, எதனால், என்ன அளவு, யார் கையிலிருந்து வந்தது. குறிப்பில்லாத படம் பேர் தெரியாத மையித்தைப் போன்றது. பெரிய நூதனசாலைகளிலும், விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காத பொருள்கள் மலிந்து கிடக்கின்றன. பெண்கள் கைப்பட்ட துணியும் பாயும் தையலும் பெரும்பாலும் அந்த வகைதான். கைரவானில் யாரோ ஒருவர் இரண்டு வரி அதிகமாக எழுதிய காரணத்தால்தான் துர்ரா என்ற பெயர் நமக்கு இன்று தெரிகிறது.

ஆகவே உம்மம்மா, மூத்தம்மா, சாச்சி என்று உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே போய்க் கேளுங்கள். இந்தப் பாயை யார் இழைத்தது? பன் எந்தக் குளத்தில் வெட்டியது? சாயம் எப்படிக் காய்ச்சியது? இந்தப் பூவேலைக்கு அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? அவர் சொல்வதை அவருடைய பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இழைத்தவர் பெயர் என்ற இடத்தில் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று எழுதி விட்டுவிடாமல், அவருக்கு வாப்பா வைத்த பெயரை எழுதுங்கள்.

ஆண்டு கேட்டால் நம் முதியவர்களுக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. சூறாவளிக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள். சூறாவளி 1964 டிசம்பர். உங்கள் மூத்த பிள்ளை கிடைத்த பிறகா? மகளின் கலியாணத்துக்கா? அகதியாய்ப் போகும்போது இது இருந்ததா? இப்படி நாலு கேள்வி கேட்டால் பத்து வருடத்துக்குள் காலம் பிடிபட்டுவிடும். 'சுமார்' என்று போட்டு அந்த ஆண்டை எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், கேட்டு எழுதிய தேதியையும் அதன் கீழே போட்டுவிடுங்கள்.